நானூற்றுப் பதினெட்டுப் பேர்

ராவன்க்ளஃப்
4 மார்ச் 2024

அன்புள்ள நெவில் அண்ணனுக்கு,

லொரைன் எழுதுவது. இங்கே நான் சுகம். முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தால் முறைக்கிறது. நீயும் அவ்ரில் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்?

புயலில் தொலைபேசிக் கம்பி கெட்டுவிட்டது, கூப்பிடாதே, கடிதம் போடு என்று நீ எழுதிய அஞ்சலட்டை வந்து மூன்று வாரமாகிறது. ஒரு கம்பியை ஒட்டத் தெரிந்த ஆள் கார்ன்வால் முழுக்கத் தேடினாலும் கிடைக்கவில்லையா? போகட்டும். கடிதம் என்றால் நான் பேசும்போது நீ நடுவில் புக முடியாது. அந்த வகையில் எனக்கு லாபம்தான்.

எங்கள் நகராட்சியில் ஒரே களேபரம். முதியவர்களுக்கும் உடல் முடியாதவர்களுக்கும் வீட்டில் உதவி செய்வது எங்கள் துறையின் வேலை என்பது உனக்குத் தெரியும். அதை ஒழுங்காகச் செய்கிறோமா என்று பார்க்க, தேசிய ஆய்வுக் குழு ஒவ்வொரு நகராட்சிக்கும் போய்க்கொண்டிருக்கிறது. எங்கள் முறை எப்போது வேண்டுமானாலும் வரலாம். ஊழியர்கள் இருநூற்று நாற்பது பேரையும் அதற்குத் தயார் செய்யும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். பதினைந்து வருடம் பயிற்சிப் பிரிவில் இருந்ததற்குப் பரிசு.

எல்லோரும் பயந்து போயிருக்கிறார்கள். நேற்று கழிப்பறையில் ஒரு பெண் கண்ணாடியைப் பார்த்து, "நாங்கள் மக்களை மையமாக வைத்துச் செயல்படுகிறோம்" என்று சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாள். நான் ஏழு வாக்கியங்கள் கொண்ட ஒரு அட்டை தயாரித்திருக்கிறேன். பையில் போட்டுக்கொள்ளலாம்.

அண்ணியின் பட்டாணிக் கொடி இந்த வருடமும் உண்டா? இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
லொரைன்


போர்த்வெல்லன்
15 மார்ச் 2024

அன்புத் தங்கை லொரைனுக்கு,

நாங்கள் இருவரும் நலம். உன் முழங்காலுக்கு என் அனுதாபங்கள். என்னுடையது ஓய்வு பெற்றுப் பல வருடமாகிறது.

ஆய்வைப் பற்றி யாரிடம் வந்து சொல்கிறாய்? பத்தொன்பது வருடம் பேருந்தில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்தவனிடம். நான் ஏறினேன் என்றால் நின்றுகொண்டிருப்பவர்கூட நிமிர்ந்து நிற்பார். ஓட்டுநர்கள் ஒருவருக்கொருவர் விளக்கைச் சிமிட்டிச் சைகை காட்டுவார்கள்: "நெவில் ஏறியிருக்கான், சட்டைப் பட்டனைப் போடு." அடுத்த நிறுத்தத்தில் எல்லாம் பளபளவென்று இருக்கும். எனக்கு அதெல்லாம் தெரியாதா? ஓட்டுநரைப் பார்க்க மாட்டேன். ஏறும் கிழவியைப் பார்ப்பேன். அவள் கம்பியைப் பிடிப்பதற்கு முன்னால் வண்டி நகர்கிறதா என்று பார்ப்பேன். அதற்கு ஒத்திகை பார்க்க முடியாது. தினமும் அப்படி ஓட்டியிருந்தால்தான் கால் தானாக நிற்கும்.

உன் அட்டையை வேண்டாம் என்று சொல்லவில்லை. சட்டைப் பட்டனும் வேண்டியதுதான்.

இங்கே காற்று விடவே இல்லை. வாசல் கதவின் உச்சியில் ஒரு தாழ்ப்பாள் வைத்திருக்கிறேன். நாற்காலி போட்டால்தான் எட்டும். பட்டாணி இந்த வருடம் போடவில்லை. மண்ணுக்கு ஓய்வு. அவ்ரில் தோட்டத்தில் இருக்கிறாள், உனக்கு அன்பைச் சொல்லச் சொன்னாள்.

கம்பி இன்னும் சரியாகவில்லை. எழுது.

அன்பு அண்ணன்,
நெவில்


ராவன்க்ளஃப்
2 ஏப்ரல் 2024

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் கண்டு மகிழ்ச்சி. இருவரும் சுகம் என்றதில் நிம்மதி. நான் சுகம், ஆனால் அவமானப்பட்டுப் போயிருக்கிறேன். கேள்.

முதல் பயிற்சி வகுப்பு போன வாரம். முப்பது பேர். அட்டையைக் கொடுத்து விளக்கிக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையில் ப்ரெண்டா ஷட்டில்வொர்த் கையைத் தூக்கினாள். வயது அறுபத்து மூன்று. மக்கள் முதன்முதலில் எங்களைக் கூப்பிடும்போது தொலைபேசியை எடுக்கும் குழுவில் இருபத்தாறு வருடம். கிளிப்பச்சை ஸ்வெட்டர். மேசையில் எப்போதும் உருளைக்கிழங்கு வறுவல்.

"லொரைன், மூணாவது வாக்கியத்துல ஒரு சந்தேகம். 'காத்திருப்போரின் நிலை தொடர்ந்து கவனிக்கப்படுகிறது'ன்னு போட்டிருக்கியே, யாரு கவனிக்கறா?"

"நாமதான்."

"நாமன்னா? நானா, நீயா? உதவிக்குக் காத்திருக்கற பட்டியல்ல இன்னைக்கு நானூத்திப் பதினெட்டுப் பேரு. கூப்பிடறவங்களுக்கு நான் எடுக்கறேன். கூப்பிடாதவங்கள யாரு கவனிக்கறா?"

யாரோ சிரித்தார்கள். "ஆய்வுக் குழு இன்னும் வரல ப்ரெண்டா, அதுக்குள்ள நீயே ஆரம்பிச்சிட்டியா?"

"அவங்க கேட்டா நான்தானே முழிக்கணும்? எனக்கு மனப்பாடம் வராதுப்பா. பள்ளிக்கூடத்துலயே வரல."

 மதிய உணவுக்குப் பிறகு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, காதில் கருவியை மாட்டிக்கொண்டு அவள் பேசுவதைக் கேட்டேன். ஒரு பெண்மணி தன் குளியலறைச் சுவரில் கைப்பிடி வைக்க வேண்டும் என்று கேட்டாள். இரண்டு நிமிட வேலை. ப்ரெண்டா எழுதிக்கொண்டே, "பின்னாடி இருமறது யாரும்மா?" என்றாள். அந்தப் பெண்மணி தயங்கினாள். "என் மகன். நாப்பத்தொன்பது வயசு. அவனால எந்திரிக்க முடியாது." அப்படி ஒரு மகன் இருப்பது எங்கள் ஏட்டிலேயே இல்லை. முப்பது வருடமாக அவள் ஒருத்தியே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் கைப்பிடியின் நீளத்தை யோசித்துக்கொண்டிருந்தேன் அண்ணா. அந்த இருமல் என் காதிலும்தான் விழுந்தது.

மறுநாள் அட்டைகளை எல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

ஒரு உதவி. வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொள்பவர்களிடம் நாங்கள் கேட்கும் ஐந்து கேள்விகளை இத்துடன் வைத்திருக்கிறேன். சாதாரண மனிதருக்குப் புரிகிற மொழியில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல். நீயே பதில் எழுதிப் பார்த்தால் இன்னும் நல்லது. வாழ்நாள் முழுக்க விதிமுறைகளைப் படித்தவன் நீ.

அண்ணிக்கு என் முத்தங்கள்.

லொரைன்


போர்த்வெல்லன்
9 மே 2024

அன்புத் தங்கைக்கு,

தாமதத்துக்கு மன்னிப்பு. கூரையில் வேலை. நாங்கள் நலம், நீயும் அப்படியே என்று நம்புகிறேன்.

உன் ப்ரெண்டாவை எனக்குப் பிடித்துவிட்டது. அவள் பேருந்து ஓட்டியிருந்தால் நான் அவள் வண்டியில் டிக்கெட் கேட்காமலே இறங்கியிருப்பேன்.

கேள்விகளுக்கு வருவோம். முதலாவது: "உங்கள் பராமரிப்புப் பொறுப்பின் தன்மை என்ன?" இதை எழுதியவரை ஒரு வாரம் சந்தையில் மீன் விற்க அனுப்பு. "யாரைப் பார்த்துக்கொள்கிறீர்கள், என்னென்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டால் போதாதா? பதில்: மனைவி, டீ போடுகிறேன். இரண்டாவது: "உங்கள் உடல்நலத்தில் பாதிப்பு உண்டா?" பதில்: இடுப்பு வலி, ஆனால் அது என் நடனத் திறமையால் வந்தது. நான்காவது: "அவசரத்தில் யாரை அழைப்பீர்கள்?" கடற்படையை. ஐந்தாவது: "வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" இந்தக் கேள்விக்குக் கீழே அரை அங்குல இடம் விட்டிருக்கிறீர்கள். அதில் யாரால் என்ன சொல்ல முடியும்?

அவ்ரில் காலையிலிருந்து பாடிக்கொண்டிருக்கிறாள். ஒரே பாட்டு. நல்ல குரல் இன்னும் அப்படியே இருக்கிறது.

போக வேண்டும், கூப்பிடுகிறாள்.

நெவில்


ராவன்க்ளஃப்
20 மே 2024

அன்புள்ள அண்ணா,

சுகம்தானே? இங்கே சுகத்தைப் பற்றி யோசிக்கவே நேரம் இல்லை. அறிவிப்பு வந்துவிட்டது. ஜூலை 8ஆம் தேதி குழு வருகிறது. நான்கு நாள் இருக்கும்.

அன்று மாலையே ப்ரெண்டா என்னையும் இழுத்துக்கொண்டு இயக்குநரின் அறைக்குப் போனாள். இயக்குநர் ஃபியோனா கார்மைக்கேல் கெட்டவர் இல்லை, ஆனால் கணக்கானவர். ப்ரெண்டா நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"பட்டியல்ல இருக்கற எல்லாருக்கும் நாமளே போன் போடணும் மேடம். நானூத்திப் பதினெட்டும்."

"ஆய்வுக்கு ஒன்பது வாரம் இருக்கறப்பவா? போன் போட்டா என்ன ஆகும்னு தெரியுமா ப்ரெண்டா? ஒவ்வொருத்தரும் ஒரு குறை சொல்லுவாங்க. எல்லாம் ஏட்டுல ஏறும். அவசரம்னு குறிக்க வேண்டியது நாப்பது இருந்தா நூறாகும். குழு வந்து பாக்கறப்ப நம்ம நிலைமை இன்னும் மோசமாத் தெரியும்."

"ஆமா மேடம். தெரியும்."

அவ்வளவுதான் சொன்னாள். வாதாடவில்லை. நின்றுகொண்டே இருந்தாள். ஃபியோனா ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ஒரு பெருமூச்சு விட்டார். "எனக்கு முப்பது பேர் குடுங்க. நானும் கூப்பிடறேன்."

பத்து நாளில் முடித்தோம். நான், கணக்குப் பிரிவு, வரவேற்பறை, எல்லோரும். ப்ரெண்டா ஒவ்வொருவர் பின்னாலும் நடந்து, "அவசரப்படாத. அவங்க 'பரவால்ல'ன்னு சொன்னப்புறம் ஒரு மூச்சு விடற நேரம் சும்மா இரு. அதுக்கப்புறம்தான் விஷயம் வரும்" என்று சொல்லிக்கொண்டே போனாள். வந்தது.

ஃபியோனாவின் பட்டியலில் எண்டர்பி என்று ஒருவர். எண்பத்து நான்கு வயது. பதினொரு மாதமாக மனைவியை முதுகில் சுமந்து மாடி ஏற்றியிருக்கிறார். "எங்களுக்கு ஏன் திரும்பக் கூப்பிட்டுச் சொல்லல?" என்று ஃபியோனா கேட்டிருக்கிறார். "உங்க கடுதாசில காத்திருங்கன்னு போட்டிருந்தீங்களேம்மா. காத்திருந்தேன்" என்றிருக்கிறார் அவர். ஃபியோனா தொலைபேசியை வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போய் நின்றார். இரண்டாம் நாள் அந்த வீட்டின் கீழ்த்தளத்துக்குக் கட்டில் போய்விட்டது.

அவசரப் பட்டியல் இப்போது நூற்றுப் பன்னிரண்டு. ஃபியோனா சொன்னபடியே.

இன்னொன்று. உன் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். கடற்படை என்றதும் ஒரே சிரிப்பு. ப்ரெண்டா மட்டும் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவ படி" என்றாள். படித்தேன்.

"உங்கண்ணன் மூணாவது கேள்வியத் தாண்டிக் குதிச்சிட்டாரே."

எடுத்துப் பார்த்தேன். "வீட்டை விட்டு, உங்களுக்காக மட்டும், தனியாகக் கடைசியாக எப்போது வெளியே போனீர்கள்?" நீ அதைத் தொடவே இல்லை.

அண்ணா, எப்போது போனாய்?

லொரைன்


ராவன்க்ளஃப்
14 ஜூன் 2024

அன்புள்ள அண்ணா,

இருபத்தைந்து நாளாயிற்று. உன் தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கிறது. கம்பி கெட்டால் அப்படி அடிக்குமா என்று இங்கே ஒருவரைக் கேட்டேன். அடிக்காதாம்.

போன ஆகஸ்டில் நான் வந்திருந்தபோது அண்ணி ஒரே கதையை மூன்று முறை சொன்னாள். வயதாகிறது என்று நினைத்துச் சிரித்துவிட்டு ரயிலேறினேன். இந்த வேலையில் இருப்பவள் நான்.

இத்துடன் தபால்தலை ஒட்டிய ஒரு அட்டை இருக்கிறது. ப்ரெண்டாவின் யோசனை. மூன்று பெட்டிகள். "நலம், தொந்தரவு செய்யாதே." "நலமில்லை, வா." "எழுதுகிறேன், கொஞ்சம் பொறு." ஒன்றில் கோடு போட்டால் போதும். வேறு எதுவும் எழுத வேண்டாம்.

என்றும் உன்,
லொரைன்


போர்த்வெல்லன்
24 ஜூன் 2024

அன்புள்ள லொரைன்,

நலம் விசாரித்து ஆரம்பிப்பதுதான் நம் வழக்கம். இந்த முறை அதை விட்டுவிடுகிறேன்.

உன் அட்டையை மூன்று நாள் கையில் வைத்திருந்தேன். முதல் பெட்டியில் கோடு போடப் பேனாவும் எடுத்தேன். ஆனால் ஒருவர் சொல்லாமல் விட்டதை அறுநூறு கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்து கண்டுபிடிக்கிற பெண்ணிடம் பொய்க்கோடு போட வெட்கமாக இருந்தது.

அவ்ரிலுக்கு மறதி நோய். நவம்பரில் மருத்துவர் பெயர் வைத்தார். தொலைபேசிக் கம்பிக்கு ஒன்றுமில்லை. மணி அடித்தால் பயப்படுகிறாள். இறந்துபோன தன் அம்மா கூப்பிடுவதாக நினைத்து அழுகிறாள். மணியின் சத்தத்தை நிறுத்தி அலமாரிக்குள் வைத்துவிட்டேன். கதவின் தாழ்ப்பாள் காற்றுக்காக இல்லை. பிப்ரவரியில் ஒரு நாள் மதியம் செருப்பில்லாமல் பேருந்து நிறுத்தம் வரை போய்விட்டாள். கூரையில் ஒரு வேலையும் இல்லை.

தனியாகக் கடைசியாக வெளியே போனது அக்டோபரில். முடி வெட்டிக்கொள்ள.

ஏப்ரலில் ஒரு நாள் அவளிடம் கத்திவிட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்து, "நீங்க யாருன்னு தெரியல, ஆனா நான் தப்பு பண்ணியிருந்தா மன்னிச்சிருங்க" என்றாள். நான் தோட்டத்துக் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். வீட்டுக்குள் அவள் பாடுவது கேட்டது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். பத்தொன்பது வருடம் அடுத்தவர் வண்டியில் சொல்லாமல் ஏறியவன் நான். என் வண்டியில் ஒருவர் ஏறிப் பார்ப்பதைத் தாங்க முடியவில்லை. நீ என்றால் இன்னும் கஷ்டம். கையில் கேள்வித்தாளோடு வருவாய் என்று நினைத்தேன்.

நெவில்


ராவன்க்ளஃப்
28 ஜூன் 2024

அன்புள்ள அண்ணா,

கையை வீசிக்கொண்டு வருகிறேன். ஜூலை 5, வெள்ளி மாலை ரயில். ஞாயிறு மாலை வரை இருப்பேன். சனிக்கிழமை முழுக்க அண்ணியோடு நான். நீ எங்கே போகிறாய் என்று கேட்க மாட்டேன்.

ஆய்வுக்கு முந்தைய அந்த இரண்டு நாளில்தான் கடைசி ஒத்திகை வைத்திருந்தேன். ப்ரெண்டாவிடம் சொன்னேன். "போயிட்டு வா. உள்ளதச் சொல்றதுக்கு எதுக்கு ஒத்திகை?" என்றாள். ஃபியோனாவும் ஒரு வார்த்தை தடுக்கவில்லை.

திங்கட்கிழமை காலை உன் ஊர் நகராட்சியைக் கூப்பிடு. எண் இத்துடன் உள்ள தாளில் இருக்கிறது. ப்ரெண்டா உனக்கு ஒன்று சொல்லச் சொன்னாள், அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: "'சமாளிச்சுக்கறேன்'னு மட்டும் சொல்லிராதீங்க. அந்த வார்த்தையச் சொன்னா பட்டியலோட அடிக்குப் போயிருவீங்க. செருப்பில்லாம போனதச் சொல்லுங்க. கொட்டகைல உக்காந்ததையும் சொல்லுங்க. போன எடுக்கறவ உங்கள மாதிரி நாலு பேர்கிட்ட அன்னைக்குப் பேசியிருப்பா. ஒண்ணும் நெனச்சுக்க மாட்டா."

கத்தியதற்காக உன்னை யாரும் தண்டிக்கப் போவதில்லை அண்ணா. இன்றே சாப்பிடு, தூங்கு.

லொரைன்


ராவன்க்ளஃப்
19 ஜூலை 2024

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

நலமா? அண்ணி எனக்குக் கற்றுக்கொடுத்த பாட்டின் இரண்டாவது அடி இன்னும் தப்பாகத்தான் வருகிறது. அவள் என்னைப் புதிதாக வந்த பணிப்பெண் என்று நினைத்துச் சமையலறையைச் சுற்றிக் காட்டியதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நல்ல முதலாளியம்மாள்.

குழு வந்து போய்விட்டது. எட்டுப் பேர். மரியாதையானவர்கள், நன்றாகக் கேட்பவர்கள். நானூறு பக்க ஆவணங்களைப் படித்துவிட்டு வந்திருந்தார்கள். ப்ரெண்டாவோடு முக்கால் மணி நேரம் பேசினார்கள். கூட வேறு யாரும் இருக்கக் கூடாது என்பது விதி. அவள் பிறகு வறுவல் தின்றுகொண்டே சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

"எத்தனை பேர் காத்திருக்காங்கன்னு கேட்டாங்க. இன்னைக்குக் காலைல முன்னூத்தி எழுபத்தாறுன்னேன். ரொம்ப நாள் காத்திருக்கறவங்க எப்படி இருக்காங்கன்னு எப்படித் தெரியும்னாங்க. மே மாசம் வரைக்கும் தெரியாது, இப்பத் தெரியும்னேன். மே மாசம் என்ன ஆச்சுன்னாங்க. வெக்கம் வந்துச்சுன்னேன்."

"அய்யோ ப்ரெண்டா! அப்படியேவா சொன்ன?"

"பின்ன? குழுவுல இருந்த ஒரு அம்மா எண்டர்பியப் பத்திக் கேட்டாங்க. அவரு முதுகுல தூக்கினதச் சொன்னேன். அவங்க எழுதறத நிறுத்திட்டு, 'உங்க குழுவோட தவறா அது?'ன்னாங்க. ஆமான்னேன். 'பதினோரு மாசம் நாங்க கூப்பிடல. அவரு நல்ல மனுஷன், காத்திருன்னா காத்திருந்தாரு'ன்னேன். கடைசியா, உங்கள இதுக்குத் தயார் பண்ணது யாருன்னு கேட்டாங்க."

"என்ன சொன்ன?"

"லொரைன்னு ஒருத்தி. அட்டை குடுத்தா. அப்புறம் அவளே திருப்பி வாங்கிட்டா. நல்ல பொண்ணுன்னேன்."

அண்ணா, பதினைந்து வருடமாக நான் பாடம் நடத்துகிறேன். இப்படி ஒரு நற்சான்றிதழ் வாங்கியதில்லை.

உன் நகராட்சியிலிருந்து ஆள் வந்தார்களா?

அன்புடன்,
லொரைன்


போர்த்வெல்லன்
3 நவம்பர் 2024

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் நலம். இந்த முறை நிஜமாகவே எழுதுகிறேன். இடையில் நான் எழுதிய இரண்டு வரி அட்டைகளை நீ பொறுத்துக்கொண்டதற்கு நன்றி.

செப்டம்பர் கடைசியில்தான் ஆள் வந்தார்கள். நான் கூப்பிட்டதிலிருந்து சரியாகப் பன்னிரண்டு வாரம். வந்தவள் பெயர் கெரென்சா. இருபத்தேழு வயது சமூகப் பணியாளர். கார் பழுதாகி, இரண்டு பேருந்து மாறி, மழையில் நனைந்து வந்தாள். துண்டு கொடுத்தேன். தலையைத் துவட்டிக்கொண்டே அவ்ரில் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் கேள்வியை அவளிடம் கேட்டாள், என்னிடம் இல்லை: "உங்களுக்கு என்ன பாட்டுப் பிடிக்கும்?" ஒரு வருடமாக மருத்துவர் முதல் தபால்காரர் வரை எல்லோரும் அவ்ரிலைப் பற்றி என்னிடம்தான் கேட்கிறார்கள். இருவரும் ஒன்றாகப் பாடினார்கள். அவளுக்கும் இரண்டாவது அடி தெரியாது.

இப்போது செவ்வாயும் வெள்ளியும் அவ்ரில் பகல்நேர இல்லத்துக்குப் போகிறாள். முதல் செவ்வாய் வாசலில் நின்று அழுதாள். நானும்தான். இரண்டாவது வாரம் என்னைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். எது அதிகம் வலித்தது என்று கேட்காதே. கிடைத்த நேரத்தில் பேருந்தில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்பி வந்தேன். வெறும் பயணியாக. ஓட்டுநர் நன்றாக ஓட்டினார்.

உன்னிடம் ஒரு சந்தேகம். எங்கள் நகராட்சிக்கும் அந்த ஆய்வுக் குழு வருகிறதாம். வீட்டில் பார்த்துக்கொள்பவர்கள் சிலரைச் சந்திக்க வேண்டும் என்கிறார்கள். கெரென்சா என்னைக் கேட்டாள். போகட்டுமா? என்ன சொல்லலாம்? உன் அட்டை ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

நெவில்


ராவன்க்ளஃப்
11 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தைப் படித்து, சமையலறையில் நின்றபடியே இன்னொரு முறை படித்தேன். இருவரும் இப்படியே இருங்கள். நான் நலம்.

அட்டை மிச்சமில்லை. இருந்தாலும் தர மாட்டேன். இருநூற்று நாற்பது பேருக்குச் சொல்லிக்கொடுத்தவள், உனக்கு ஒரு வார்த்தை சொல்லித் தர மாட்டேன். போ, அவ்வளவுதான்.

எங்கள் முடிவு வந்துவிட்டது: "முன்னேற்றம் தேவை." நான்கு படிகளில் கீழிருந்து இரண்டாவது. 'நல்லது' என்பதற்குக் கொஞ்சத்தில் தவறவிட்டோம். அவசரப் பட்டியல் நீளம் என்பதும் ஒரு காரணம். ப்ரெண்டா கேட்டிருக்காவிட்டால், ஒருவேளை, கிடைத்திருக்கும். ஃபியோனா எல்லோரையும் கூட்டி முடிவை வாசித்தார்.  பிறகு இன்னொரு பத்தியை வாசித்தார்: இங்குள்ள ஊழியர்கள் தங்கள் குறைகளைத் தாங்களே முதலில் சொன்னார்கள், காத்திருப்பவர்களை எண்களாகச் சொல்லவில்லை, பெயராகச் சொன்னார்கள்.

"மேடம், நான் கெடுத்துட்டேனோ?" என்றாள் ப்ரெண்டா. அவள் குரல் நடுங்கி அன்றுதான் கேட்டேன்.

ஃபியோனா தாளை மடித்தார். "எண்டர்பி வீட்டு மாடிப்படில பதினாலு படி, ப்ரெண்டா. நான் போய் எண்ணினேன். எந்த மதிப்பெண்ணுக்காகவும் அவரை இன்னொரு தடவ அதுல ஏத்த மாட்டேன்."

யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லோரும். ப்ரெண்டா ஸ்வெட்டர் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சரி சரி, போன் அடிக்குது" என்று இருக்கைக்குப் போய்விட்டாள்.

போய் வந்ததும் நடந்ததை எழுது.

லொரைன்


போர்த்வெல்லன்
30 நவம்பர் 2024

அன்புத் தங்கைக்கு,

இங்கே இருவரும் சுகம். உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

நேற்று போனேன். தேவாலயத்துக் கூடத்தில் வைத்திருந்தார்கள். நாங்கள் ஆறு பேர், ஆய்வாளர்கள் இருவர், பிஸ்கட் ஒரு தட்டு. நகராட்சிக்காரர்கள் வெளியே. கதவுக் கண்ணாடி வழியாகக் கெரென்சா தெரிந்தாள். கோட்டின் பட்டனைப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

என் முறை வந்தது. பன்னிரண்டு வாரம் என்றேன். அது ரொம்ப அதிகம் என்றேன். எட்டாவது வாரத்தில் நான் காரில் ஏறி எங்காவது போய்விடலாமா என்று சாவியை எடுத்ததையும் சொன்னேன். இதை உன்னிடம்கூடச் சொல்லவில்லை. ஆய்வாளர் எழுதினார். அப்போதே எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நான் சொன்னதால் அந்தப் பெண்ணுக்குக் கெட்ட பெயர் வந்துவிட்டால்?

"இன்னொன்னும் எழுதிக்கங்க" என்றேன். "பன்னெண்டு வாரம் கழிச்சு வந்தது இந்த நகராட்சியோட குத்தம். ஆனா வந்த பொண்ணு என்கிட்டக் கேள்வி கேக்கறதுக்கு முன்னாடி என் மனைவிகிட்டக் கேட்டா. நான் பத்தொன்பது வருஷம் அடுத்தவங்க வேலைய சோதிச்சவன். நல்ல வேலையப் பாத்தா எனக்குத் தெரியும். அவள மாதிரி இன்னும் பத்துப் பேரக் குடுங்க. பன்னெண்டு வாரம் ஆகாது."

"ரெண்டையும் எழுதிக்கறோம் சார்" என்றார்.

வெளியே வந்தபோது கெரென்சா ஒன்றும் கேட்கவில்லை. கேட்கக் கூடாதாம். "பிஸ்கட் நல்லாருந்துச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

அங்கிருந்து நேராக இல்லத்துக்குப் போனேன். அவ்ரில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் நீலச் சாயம். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"எங்க போயிருந்த ஹெக்டர்?"

ஹெக்டர் எங்களிடம் முன்பு இருந்த நாய். அன்பாகக் கூப்பிட்டால் நான் எதற்கும் திரும்பிப் பார்ப்பேன்.

"நம்மளப் பத்திச் சொல்லிட்டு வந்தேன்."

"நல்லபடியா சொன்னியா?"

"உள்ளபடியே சொன்னேன்."

 அவள் எழுந்து, என் கழுத்துப்பட்டையைச் சரி செய்தாள். "அப்ப கோட்ட எடு. வீட்டுக்குப் போலாம்" என்றாள்.

கையைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தோம்.

ப்ரெண்டாவுக்கு என் வணக்கம். உனக்கு எங்கள் இருவரின் அன்பு.

நெவில்